முன் பிரேக்

லா பாஸ் பட்டணத்தில் ரோட்டெல்லாம் ஏணி என்று பளீல் முதலே சொல்லித்தான் வைத்திருந்தான். யார் நம்பினார்கள்? கடலுக்கும் வயலுக்கும் நடுவே, ஒரு சாண் ஏற்றம்கூட இல்லாத கல்முனைக் கரையில் சைக்கிள் விட்டு வளர்ந்தவர்களுக்கு ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். முதுகில் ஆளுக்கொரு பெரிய பேக்கை மாட்டிக்கொண்டு அந்த ஏணியில் கொஞ்ச தூரம் ஏறியதுமே நாக்குத் தள்ளியது. ஜதுசன் ஒரு கடை வாசலில் பேக்கோடு அப்படியே குந்திவிட்டான். வட்டத் தொப்பியும் அடுக்கடுக்கான பாவாடையுமாக அங்கே உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பெண் அவனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டான் ஜதுசன்.

"மெதுவாப் போகட்டாம். காரைதீவு ஆக்களுக்கு நெஞ்சில பலம் காணாதாம்," என்றான் பளீல். முதல் பாதி அவள் சொன்னது, மற்றது அவன் சேர்த்தது.

மூன்றாமவன் றம்ஸீன் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி, அதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் இல்லாமல் நின்றான்.

மூன்று பேரும் கல்முனையில் ஒரே டியூஷன் வகுப்பில் கணக்குப் படித்தவர்கள். பளீல் நிந்தவூரான். சில வருடமாகப் பிரேசிலில் ஒரு கோழித் தொழிற்சாலையில் பிஸ்மி சொல்லி அறுக்கிற வேலை. அந்த நாட்டுக் கோழி அரபு நாட்டுக்குப் போவதென்றால் கத்தி பிடிக்க ஒரு முஸ்லிம் வேண்டுமே, அப்படிப் போய்ச் சேர்ந்தவன். ஜதுசன் காரைதீவான், தோஹாவில் எஞ்சினியர். றம்ஸீன் மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனவன். ஜதுசனின் கம்பனியிலேயே கட்டடப் படம் கீறுகிற வேலை. தென்னமெரிக்காவில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், மலையிலிருந்து சைக்கிளில் இறங்க வேண்டும் என்பது பளீலின் பழைய ஆசை. ஜதுசன் ஆசையோடு லீவு போட்டான். றம்ஸீன் வந்தது ஆசையில் அல்ல. மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் உயிர் வேண்டும், அது அவனிடம் இருக்கவில்லை. டிக்கட்டை அனுப்பினார்கள், ஏறி உட்கார்ந்தான்.

அவனுடைய மகள் அப்னா மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நாலு வயதுப் பிள்ளை. நுளம்புக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இரண்டு பேர், திரும்பி வந்ததும் இரண்டு பேர், நடுவில் இருந்தவள் இல்லை. மையவாடியில் றம்ஸீன் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. பொறுமைசாலி என்று முதலில் மெச்சினார்கள், கொஞ்ச நாள் போனதும் கல்நெஞ்சன் என்றார்கள். ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். உண்மையில் அவன் இரண்டும் இல்லை. காலை மடக்கி வெகுநேரம் இருந்தால் கால் விறைத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி ஆள் முழுக்க விறைத்துப் போயிருந்தான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்னமே பிளேன் ஏறிவிட்டான். தோஹாவில் வேலை எடுத்துக் கொடுத்தவன் ஜதுசன்தான். அதற்காக றம்ஸீனின் மனைவி நப்லா ஜதுசனோடு இன்றைக்கும் கதைப்பதில்லை.

ஒன்றரை வருடமாக ஊருக்குப் போகவில்லை. முதல் லீவுக்கும் போகவில்லை, இந்த லீவுக்கு உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு வந்து நிற்கிறான்.

அன்று ஏணியெல்லாம் ஏறி, தங்குமிடத்தைக் கண்டுபிடித்து, கட்டிலில் பேக்கைப் போட்டுவிட்டுப் போனைத் திறந்தபோது நப்லாவின் குரல் பதிவு வந்திருந்தது. அங்கே காலை, ஊரில் மஃரிப் தொழுகை தாண்டியிருக்கும்.

"நான் நப்லா. காக்கா வாற கிழம காழியாரிட்டப் போகப்போறாராம். ஒண்டர வருசமா மாப்புள வீட்டுக்கு வரல்ல எண்டு வழக்குக் குடுக்கப் போறாராம். நான் இன்னும் ஓம் எண்டும் சொல்லல்ல, வேணா எண்டும் சொல்லல்ல. வாறதெண்டா வாறன் எண்டு சொல்லுங்க. இல்லாட்டி வரல்ல எண்டு சொல்லுங்க. ஒங்கட உடுப்பெல்லாம் அலுமாரிலதான் இரிக்கி. காக்கா பேக்ல போட்டு வைக்கச் சொல்றாரு. நான் எடுக்கல்ல. அவ்வளவுதான்."

காழியார் கலியாண வழக்குக் கேட்கிறவர். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்ந்தவன். சேர்த்தி முறிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண்தான் உடுப்பைப் பேக்கில் போட்டுக்கொண்டு வாசலால் இறங்க வேண்டும். நப்லாவின் காக்கா, அவளுடைய அண்ணன், அந்த பேக்கைத்தான் சொல்கிறார். வீடு, பெண்சாதி, பிள்ளை ஓடித் திரிந்த முற்றம் எல்லாம் இப்போது றம்ஸீனுடைய ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆனால் அவனுக்கு முதலில் பட்டது அந்த 'நான் நப்லா'தான். பெண்சாதி புருசனுக்குப் பெயர் சொல்லி அறிமுகமாகிற நிலைமை. அவள் ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னவள் அல்ல. கலியாணம் முடித்த புதிதில் 'இஞ்சேருங்க' என்பாள். மகள் பிறந்த பிறகு 'அப்னாட வாப்பா' என்பாள். கூட்டத்துக்குள் நின்றும் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்னாவை அடக்கிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை, பழைய 'இஞ்சேருங்க'வும் திரும்பி வரவில்லை. கூப்பிட ஒரு சொல் இல்லாமல் போனவள் மொட்டையாகத்தான் கதைப்பாள்.

அவன் பதில் எழுதினான். 'மறுகா சொல்றன்.'

மறுகா என்பது எங்கள் பக்கத்துச் சொல். பிறகு என்பதற்கும் மறுகா, திரும்பவும் என்பதற்கும் மறுகா. போனில் கதை முடிந்த பிறகும் வைக்க மனமில்லாதவர்கள் 'மறுகா?' என்று கேட்டால், வேறென்ன, இன்னும் சொல்லு என்று அர்த்தம். அன்பான சொல்தான். ஒன்றரை வருடமாக றம்ஸீன் அதைக் கதவு சாத்துவதற்குப் பாவித்துக்கொண்டிருந்தான்.

"யாரு, நப்லாவா?" என்று கேட்டான் ஜதுசன்.

"ம்."

"என்ன சொன்னாய்?"

"மறுகா சொல்றன் எண்டன்."

ஜதுசன் சப்பாத்தைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டான்.

பட்டணத்தைச் சுற்றினார்கள். அந்தரத்தில் ஓடும் கம்பிக் கூண்டு வண்டியில் ஏறி, கீழே கிண்ணத்துக்குள் கொட்டிவைத்த செங்கல் மாதிரி வீடுகள் கிடப்பதைப் பார்த்தார்கள். ஜதுசன் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டான். பளீல் போட்டோ எடுத்துத் தள்ளினான். எல்லாப் போட்டோவிலும் றம்ஸீன் அடையாள அட்டைக்கு நின்றவன் போலவே நின்றான். ஒரு சந்தையில் காய்ந்த லாமாக் குட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், வீடு கட்டும்போது அத்திவாரத்தில் புதைக்கவாம். பளீல் நாலடி தள்ளி நின்று, பிழை பொறுக்கச் சொல்லித் தவ்பாச் செய்தான். றம்ஸீன் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தான். கண், மூக்கு, குளம்பு எல்லாம் இருந்தது. பார்த்துவிட்டு நடந்தான்.

மலைத் தலையிடிக்கு ஒரு இலைத் தேநீர் கொடுத்தார்கள். ஹராமா ஹலாலா என்று பளீல் கடைக்காரியிடம் போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் கலந்து ஒரு பத்வா கேட்டுக்கொண்டிருக்க, றம்ஸீன் கிளாசை முடித்துவிட்டிருந்தான்.

"ஏதும் தெரியிதா?" என்று பளீல் கேட்டான்.

"இல்ல."

"ஒனக்கு விசத்தத் தந்தாலும் இல்ல எண்டுதான் சொல்லுவாய்."

பகிடிக்குத்தான் சொன்னான். சொன்ன பிறகு காசு கொடுக்க எழும்பிப் போனான்.

சைக்கிள் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. மறுநாள் இறங்கப்போகிற மலை ரோட்டைச் 'சாவு ரோட்டு' என்று உலகம் முழுக்கச் சொல்வார்கள். பளீல் அதை 'மௌத்து ரோட்டு' என்று நம் பாஷைக்கு மாற்றி, தினமும் பத்துத் தரம் சொல்லிச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தான். வழிகாட்டியாக வரப்போகிறவன் பெயர் வில்மர். கட்டையான, வெயில் தின்ற முகக்காரன். ஒவ்வொருவரின் காலையும் பார்த்து "சப்பாத்தோஸ்?" என்றான்.

"கேட்டியா? சப்பாத்து," என்றான் பளீல். "மச்சான், இவனுகள் நம்மட ஆக்கள்."

ஜதுசன் சிரித்தான். றம்ஸீனும் உதட்டை அசைத்தான்.

முன்னே பின்னே சைக்கிள் விட்டுப் பழக்கமா என்று வில்மர் கேட்டான். பளீல் றம்ஸீனின் தோளில் தட்டி, "இவன்தான் எங்களுக்குள்ள பெரிய ஓட்டக்காரன். மழையெண்டும் இல்ல வெயிலெண்டும் இல்ல, ஒவ்வொரு நாளும் புள்ளய வச்சிக்கிட்டு…" என்று தமிழில் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டான்.

அந்தக் கதையை விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். றம்ஸீன் கல்முனையில் வேலை செய்த காலத்தில் தினமும் காலையில் அப்னாவைச் சைக்கிளில்தான் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோவான். முன் பாரில் அவளுக்கென்று ஒரு குட்டி சீட்டுப் பூட்டியிருந்தான். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தான்தான் ஓட்டுவதாக நினைத்து, வழியில் போகிற ஆடு மாட்டுக்கெல்லாம் அவள் உத்தரவு போடுவாள். ஒருநாள் சந்தையடியில் ஒரு ஆடு உத்தரவை மதிக்காமல் குறுக்கே பாய்ந்தது. றம்ஸீன் வலக்கையால் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். சைக்கிள் நின்றது, பிள்ளை நிற்கவில்லை. முன்னே போய் ஹேண்டிலில் அடிபட்டு நெற்றியில் புளியங்கொட்டை அளவு வீக்கம்.

நப்லா அன்றைக்கு வீட்டை இரண்டாக்கிவிட்டாள். "புள்ள முன்னுக்கு இரிக்கக்குள்ள முன் பிரேக் என்னத்துக்கு? கழட்டுங்க அத."

"கழட்டினா மறுகா எப்பிடி நிப்பாட்டுற?"

"பின் பிரேக்கால நிப்பாட்டுங்க. மெதுவாப் போனா நிக்கும்தானே."

கழற்றினான். அந்த பிரேக் வயரை எறியப் போனவனைத் தடுத்து, பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தவளும் அவள்தான். "புள்ள வளந்து பின்னுக்கு இரிக்கக்குள்ள மறுகா பூட்டலாம்," என்றாள். அதற்குப் பிறகு அவன் எதற்கு நிறுத்தினாலும் இடக்கையால்தான். ஆடு வந்தாலும் இடக்கை, பஸ் வந்தாலும் இடக்கை. நம் நாட்டுச் சைக்கிளில் இடக்கைதானே பின் பிரேக்.

இதையெல்லாம் றம்ஸீன் அந்தக் கடையில் நின்று நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு ஒன்றுமே நினைவில் வருவதில்லை. மகளின் முகம்கூட வருவதில்லை. போனில் இருக்கிற படத்தைப் பார்ப்பான், யாரோ வீட்டுப் பிள்ளை சிரிப்பது மாதிரி இருக்கும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு வாப்பாவுக்கு இருக்க முடியாது என்பது அவன் எண்ணம்.

மறுநாள் காலையில் வேனின் கூரையில் சைக்கிள்களைக் கட்டி மலை உச்சிக் கணவாய்க்குக் கொண்டுபோனார்கள். குளிர் காதைக் கடித்தது. சுற்றிவரப் பனி படிந்த கறுப்பு மலை. வில்மர் ஒரு சின்னப் போத்தலில் சாராயம் கொண்டுவந்து, பூமித் தாய்க்கு என்று நிலத்தில் கொஞ்சம், முன் டயரில் கொஞ்சம், வாயில் கொஞ்சம் என்று விட்டான்.

"எண்ட டயருக்கு வேணாம் எண்டு சொல்லு," என்று பளீல் சைக்கிளைப் பின்னுக்கு இழுத்தான்.

"கோயில்ல புது வாகனத்துக்குத் தேங்காய் அடிக்கிறதில்லையா, அதுமாதிரித்தான். விடு," என்றான் ஜதுசன்.

"ஒனக்குச் சரி. நான் டயருக்கும் சேத்து பதில் சொல்லணும்."

பிறகு வில்மர் பிரேக்கைப் பற்றிச் சொன்னான். உடைந்த இங்கிலீஷில், கையைத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சொன்னான். இந்தச் சைக்கிள்களில் இடக்கை முன் பிரேக், வலக்கை பின் பிரேக். சரளைக் கல்லில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஆள் தலைக்கு மேலால் போவான். இரண்டையும் மெல்ல, சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

"மச்சான், நமக்கு மாறி. கவனம்," என்றான் ஜதுசன், குறிப்பாக றம்ஸீனைப் பார்த்து.

றம்ஸீன் தலையாட்டினான். ஒன்றரை வருடமாக யார் எதைச் சொன்னாலும் அவன் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். அந்தத் தலையாட்டலை நம்பினால் அது நம்புகிறவனுடைய பிழை.

இன்னொன்றும் வில்மர் சொன்னான். அந்த நாடு முழுக்க வாகனம் வலப்பக்கம்தான் ஓடும். இந்த ஒரு மலை ரோட்டில் மட்டும், இறங்குகிறவர்கள் இடப்பக்கம் போக வேண்டும். நம் நாட்டு முறை என்று பளீலுக்கு மெத்தச் சந்தோசம். இடப்பக்கம் என்றால் பாதாளப் பக்கம் என்பது தார் ரோட்டு முடிந்து சரளை ரோட்டு தொடங்கியபோதுதான் தெரிந்தது. வலப்பக்கம் மலைச்சுவர், இடப்பக்கம் ஒன்றுமில்லை. மூடுபனி விலகினால் கீழே மரங்களின் தலை தெரிந்தது, அதற்கும் கீழே மேகம். வளைவுக்கு வளைவு சிலுவைகள் நட்டிருந்தார்கள், விழுந்து செத்தவர்களுக்காக.

பளீலின் வாய் அடைத்துவிட்டது. ஜதுசன் முருகனை விட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடத் தொடங்கியிருந்தான். றம்ஸீன் மட்டும் விளிம்போடு விளிம்பாக, ஊரில் வாய்க்கால் வரம்பால் போகிறவன் போலப் போனான். டயருக்கும் பாதாளத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. விழுந்தால் விழுந்தது என்று நினைத்தான் என்றும் சொல்ல முடியாது, அப்படி நினைப்பதற்கும் ஒரு மனம் வேலை செய்ய வேண்டும்.

எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் ஜதுசன் சைக்கிளைப் போட்டுவிட்டு அவனிடம் வந்தான்.

"உள்ளுக்கு வா. சுவர்ப் பக்கமா ஓடு. வில்மர் ஏசினா நான் கதைக்கிறன்."

"எனக்குப் பயமில்ல."

"அதான் எனக்குப் பயம்," என்றான் ஜதுசன். "ஒன்ன அங்க கூட்டிப் போனவன் நான். இஞ்ச கூட்டி வந்தவனும் நான். நாளைக்கு ஒண்ட பெண்சாதிக்கு நான் என்னத்தச் சொல்லுற?"

"சரி, உள்ளுக்கு வாறன்."

வந்தான். சொன்னபடி கேட்பதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. வில்மர் பளீலை முன்னே விட்டு, அவனுக்குப் பின்னால் றம்ஸீனைச் சுவர்ப் பக்கமாகவே வரச் சொன்னான்.

அது நடந்தது ஒரு நீர்வீழ்ச்சியடியில். மலையிலிருந்து தண்ணீர் ரோட்டிலேயே விழுந்து, குறுக்கே ஓடிப் பாதாளத்தில் இறங்குகிற இடம். முன்னே போன பளீல் தண்ணீருக்குள் வழுக்கி, சைக்கிளோடு குறுக்கே விழுந்தான். பின்னால் றம்ஸீன். நிறுத்தினால் பளீல் தப்பினான், நிறுத்தாவிட்டால் அவன் தலைக்கு மேலால் ஏறிப் போயிருக்கும். அதுவரை மெல்ல மெல்லப் பிடித்து வந்ததால் எந்தக் கையால் பிடிக்கிறான் என்பதை அவனும் கவனிக்கவில்லை, வில்மரும் கவனிக்கவில்லை. இப்போது முழுப் பலத்தோடு பிடித்தான். இடக்கையால்.

சைக்கிள் நின்றது. பின் சில்லு எழும்பியது. றம்ஸீன் ஹேண்டிலுக்கு மேலால் போய், சரளையில் கையை ஊன்றி விழுந்து, இரண்டு புரளல் புரண்டு, பளீலின் காலடியில் வந்து கிடந்தான்.

வில்மர் சைக்கிளை எறிந்துவிட்டு ஓடிவந்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், விரலைக் காட்டி எண்ணச் சொன்னான். எல்லாம் சரி, இடக்கை மணிக்கட்டு மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பயம் தெளிந்ததும் வில்மருக்குக் கோபம் வந்தது. இடக்கை முன் பிரேக் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, ஏன் இடக்கையைப் பிடித்தாய் என்று கேட்டான். தன் இடக்கையைத் தூக்கிக் காட்டி, "வை? வை லெஃப்ட்?" என்று கேட்டான்.

றம்ஸீன் அவனைப் பார்த்தான். பிறகு தமிழில் சொன்னான்.

"முன்னுக்குப் புள்ள இரிக்கி."

வில்மருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் மற்ற இரண்டு பேரும்தான். பளீல் ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டான். ஜதுசன் முகத்தை மலைச்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று வில்மர் மாறி மாறிக் கேட்டான். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

தான் சொன்னதை றம்ஸீன் தன் காதாலேயே கேட்டான். எப்போது அதை நினைத்தான் என்று தேடிப் பார்த்தான். நினைக்கவே இல்லை.

பின்னால் வந்த வேனில் ஏற்றி, மலையடிவாரத்துச் சின்ன ஊரில் ஒரு மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். கீழே வர வர நம் ஊர் மாதிரி வெக்கை, வாழை மரம், நாய். டொக்டர் பெண் ஒருத்தி. மணிக்கட்டு எலும்பை இழுத்துப் பொருத்த வேண்டும் என்று சொல்லி விறைப்பு ஊசி போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து விரலை அழுத்தி அழுத்தி ஏதோ கேட்டாள்.

"நோகுதா எண்டு கேக்குறா," என்றான் பளீல்.

"நோகல்ல."

"விறைப்பு விட்ட பிறகு நோகுமாம், மச்சான். நல்லா நோகுமாம்."

கட்டுப் போட்டு முடிந்ததும் வெளியே பெஞ்சில் கொண்டுவந்து இருத்தினார்கள். வெயில் காலில் விழுந்தது. இங்கே மதியம், ஊரில் இஷாத் தொழுது, சாப்பிட்டு, படுக்கை போடுகிற நேரம். றம்ஸீன் வலக்கையால் போனை எடுத்தான். ஜதுசன் அதைப் பார்த்துவிட்டு, பளீலின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் மற்றப் பக்கம் போனான்.

நப்லா இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.

"நான்தான்," என்றான்.

"தெரியும்."

"சைக்கிள்ல விழுந்துட்டன். இடக்கை மணிக்கட்டு ஒடஞ்சி போச்சி."

"அல்லாஹ்வே. ஏதும் வாகனம் அடிச்சிச்சா? நீங்க சைக்கிள்ல விழுற ஆளில்லையே."

"இல்ல. நானாத்தான் விழுந்த."

"மறுகா?"

அது கதவு சாத்துகிற மறுகா அல்ல. சொல்லு என்கிற மறுகா. இவ்வளவு காலமும் அவள் இப்படிக் கேட்கும்போதெல்லாம் 'ஒண்டுமில்ல' என்று சொல்லி அவன் போனை வைத்திருக்கிறான். இன்றைக்கும் வாயில் அதுதான் முதலில் வந்தது. பெஞ்சுக்கு முன்னால் ஒரு நாய் வெயிலில் புரண்டது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இஞ்ச சைக்கிளுக்கு முன் பிரேக் இடப்பக்கம், நப்லா. சொல்லித்தான் தந்தாங்க. பளீல் குறுக்க விழுந்துட்டான், நான் நிப்பாட்டப் பாத்தன். இடக்கையத்தான் புடிச்சிட்டன்."

மறுபக்கத்தில் சீலிங் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பெரிய ரோட்டால் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது. போன் அறுந்துவிட்டதா என்று அவன் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறவில்லை.

"நீங்க அவள மறந்துட்டீங்க எண்டுதான் நான் நெனச்சன்," என்றாள் நப்லா. அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது. "நாப்பதுக்கும் நிக்காமப் போனீங்களே, கடயப் பூட்டினமாதிரிப் பூட்டிட்டுப் போனீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சன்."

"எனக்கு அவட மொகம் வருகுதில்ல, நப்லா. படத்தப் பாத்தாலும் வருகுதில்ல. அழுகையும் வருகுதில்ல. அதச் சொல்ல வெக்கமாக் கிடந்திச்சி."

"அழுகை வராட்டிப் பறவாயில்ல. நான் ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுட்டன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு எழுந்து நடந்தாள், செருப்புச் சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் அவனுக்குத் தெரியும். அதன் பிணைச்சலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"அந்த வயரு இஞ்சதான் இரிக்கி," என்றாள். "சுத்தி வச்ச பேப்பரும் அப்பிடியே இரிக்கி. சைக்கிளும் கெணத்தடியில நிக்கிது, டயர்ல காத்தில்ல. காக்காட மகன் கேட்டான், நான் குடுக்கல்ல. முன் பிரேக் இல்லாம ஆரும் ஓடக் கூடாது. இனி அதப் பூட்டத்தான் வேணும்." நிறுத்தினாள். "நீங்க வந்து பூட்டுங்க, அப்னாட வாப்பா."

தெருவின் மற்றப் பக்கத்தில் நின்ற ஜதுசனும் பளீலும் இந்தப் பக்கம் பார்ப்பதும், பார்க்காதது போலத் திரும்புவதுமாக இருந்தார்கள். றம்ஸீன் பெஞ்சில் முன்னே குனிந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். விரல் நுனியில் ஊசி குத்துவது போல ஒன்று தொடங்கியிருந்தது.

"வாறன்," என்றான்.

"எப்ப?"

"லீவு முடியல்ல. இஞ்சேருந்து நேர அங்கதான் வாறன்."

"காக்காக்குச் சொல்லவா?"

"சொல்லு."

இனி அவள் வைத்துவிடலாம். அவனும் வைத்துவிடலாம். இரண்டு பேரும் வைக்கவில்லை.

"மறுகா?" என்றாள் நப்லா.

அவன் கையைப் பார்த்தான்.

"நோகுது, நப்லா," என்றான்.